ரெண்டு ஸ்கோப் வாத்தும் ஒண்டில்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஞாயிறு பேப்பரில முக்குளிக்கிற வாத்துகளப் பற்றி வந்த கட்டுரை நல்லா இருந்தது, ஆனா கிரேட்டர் ஸ்கோப்பும் லெஸ்ஸர் ஸ்கோப்பும் ஒரே வாத்துதான், ஒண்டு பெரிசு மற்றது சின்னன் எண்டு போட்டிருக்கிறீங்கள், அது பிழை. சொந்தம்தான், ஆனா வேற வேற இனம். லெஸ்ஸர் வட அமெரிக்காவில மட்டும்தான் குஞ்சு பொரிக்கும், கிரேட்டர் ஐரோப்பா ஆசியாவின்ர வடக்கிலயும் பொரிக்கும்.

சைஸ வச்சு தூரத்தில பிரிக்கிறது கஷ்டம். தலையப் பாருங்கோ, கிரேட்டருக்கு உருண்டைத் தலை, லெஸ்ஸருக்கு உச்சியில பின்பக்கமா ஒரு மேடு, ஆனா முக்குளிக்கத் தொடங்கினா இறகு அமந்து அந்த மேடு தெரியாமப் போயிடும், அதால சும்மா மிதக்கேக்கதான் பார்க்கோணும். பறக்கேக்க இன்னும் லேசு. செட்டையில இருக்கிற வெள்ளைக் கோடு கிரேட்டருக்கு நுனிப்பக்கம் வரைக்கும் நீளும், லெஸ்ஸருக்கு பாதியிலயே சாம்பலாகிடும். தலை பச்சையா மினுங்கினா கிரேட்டர், ஊதா எண்டா லெஸ்ஸர் எண்டு எழுதினத நம்பேலாது, வெளிச்சத்துக்கு ஏற்ப அது மாறும்.

டொரொண்டோவில இருக்கிற எங்கட ஆக்கள் மாரியில ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் போனா ரெண்டையும் பார்க்கலாம். கப்பல் ஆடாம நிக்க ஏத்திற பலாஸ்ட் தண்ணியோட ஐரோப்பாவில இருந்து வந்து 1980களின்ர கடைசியில அங்க பரவின சீப்ரா மட்டிய, வரிவரியான சின்ன நன்னீர் மட்டிய, இதுகள் முக்குளிச்சுத் தின்னுதுகள், மட்டியில சேர்ற செலீனியம், கூடினா நஞ்சாகிற ஒரு தனிமம், வாத்தின்ர உடம்பிலயும் ஏறுது. திருகோணமலை மாதிரி துறைமுக ஊரில இருக்கிற எங்களுக்கு கப்பல் தண்ணியோட வெளியூர் உயிர் வந்து சேர்ற இந்தக் கதைதான் முக்கியமான பகுதி, அதையே விட்டுட்டீங்கள். தயவுசெய்து அடுத்த கிழமை திருத்தத்தோட சேர்த்துப் போடுங்கோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கிற பக்கம் அது.

வாசகர்,
திருகோணமலை