கூறைப்புடவையும் தீயணைப்புக் கருவியும்

தோ பாயோ, சிங்கப்பூர்,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள கமலத்துக்கு,

உன் கடிதமும், உன் மருமகன் கையில் நீ கொடுத்தனுப்பிய ஈப்போ பம்ளிமாஸ் நான்கும் வந்து சேர்ந்து மூன்று வாரமாகிறது. பழம் தீர்ந்துவிட்டது, பதில்தான் எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அண்ணன் பேத்தியின் கல்யாணம் என்னை உட்காரவிடவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெயை விடாமல் தேய்த்து வா.

எனக்கு இடது கண்ணில் புரை எடுத்து இரண்டு மாதமாகிறது. கட்டுப் பிரித்த அன்று, நம் வீட்டுச் சுவர் இத்தனை நாளும் வெள்ளையாகத்தான் இருந்ததா என்று திகைத்துப்போனேன். வலது கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. அதனால் ஒரு கண்ணை மூடினால் ஓர் உலகம், மற்றதை மூடினால் வேறோர் உலகம். பழைய கண்ணில் எல்லாமே தேநீரில் முக்கியெடுத்தது போலத் தெரிகிறது. இந்த விளையாட்டை நாள் முழுவதும் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று பேரன் கேலி செய்கிறான்.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். 1975 தீபாவளிக்கு முன்தினம் மாமாவின் ஸ்டூடியோவில் நாம் இருவரும் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படத்தில், உன் மாம்பழ மஞ்சள் தாவணிக்கு மட்டும் நிறம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தாய். “இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலையாமே” என்று வேறு எழுதியிருந்தாய். ஒரு நொடி வேலைதான். ஆனால் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

படம் எடுக்க வந்த பையன் நல்ல பையன். பெயர் வேண்டாம், ஊர் சின்னது. ஆல்பத்தில் சில பக்கங்களை மட்டும் ‘சிறப்பாக’ச் செய்து தருவதாகவும், பக்கத்துக்கு முப்பது வெள்ளி கூடுதல் என்றும் சொன்னான். என்ன சிறப்பு என்றால், படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுக் கூறைப்புடவையின் சிவப்பை மட்டும் விட்டுவைப்பது. மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். மாதிரிப் பக்கம் வந்தது. முகூர்த்த நேரம், கெட்டிமேளம், எல்லாரும் சாம்பல் நிறத்தில் கைதூக்கி அட்சதை போடுகிறார்கள். நடுவில் பெண்ணின் புடவை செக்கச்சிவந்து ஜொலிக்கிறது. அதற்குச் சரியாக நான்கடி தள்ளி, மண்டபச் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியும் செக்கச்சிவந்து ஜொலிக்கிறது.

அண்ணி முதலில் அதை மாப்பிள்ளையின் தாய்மாமா என்று நினைத்துவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்குப் புது வில்லை வைத்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பாவம், அவன் சோம்பேறித்தனம் அது. நிறத்தைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னால் மென்பொருள் நிறத்தைத்தான் பார்க்கும். அதற்குக் கூறைப்புடவையும் தெரியாது, தீயணைப்புக் கருவியும் தெரியாது. சிவப்பு என்றால் சிவப்பு. உள்ளங்கை மருதாணி, வெற்றிலை போட்ட வாய், புரோகிதரின் நெற்றி எல்லாவற்றிலும் அங்கங்கே சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுத்தோம். அடுத்த முறை பொருளைச் சுற்றிக் கையால் எல்லை வரைந்து, உள்ளே நிறம், வெளியே கறுப்பு வெள்ளை என்று ஒழுங்காகச் செய்துகொண்டு வந்தான். இப்போது வேறு கோளாறு. பட்டுப்புடவை அருகில் இருக்கும் எதிலும் தன் நிறத்தைக் கொஞ்சம் சிந்தும், உனக்குத் தெரியும். பெண்ணின் மோவாய்க்கு அடியில், வெள்ளித்தட்டின் விளிம்பில், மாப்பிள்ளை வேட்டியின் மடிப்பில் அந்தச் சிவப்பு படிந்திருக்கும். எல்லைக்கு வெளியே என்று அதையெல்லாம் துடைத்துவிட்டான். புடவை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல நின்றது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தாலியைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கமலம், மஞ்சள் கயிறு வெளுத்துப்போயிருந்தது! மூன்று முடிச்சு விழுகிற அந்த நொடியின் படத்தில் மஞ்சளுக்கே இடமில்லை. புடவைக் கடைக்கு விளம்பரம் செய்தது போல் சேலை மட்டும் சிவப்பு, கழுத்தில் வெள்ளைக் கயிறு. சம்பந்தியம்மாள் ஒன்றும் பேசவில்லை, ஆல்பத்தை மூடி வைத்துவிட்டார். அந்த மூடலே போதும்.

ஏன் வெளுத்தது என்று பேரனைக் கேட்டேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதையெல்லாம்தான் படிக்கிறான். வண்ணப் படத்தைச் சாம்பலாக மாற்றும்போது மூன்று நிறங்களுக்கும் சம பங்கு கிடையாதாம். நம் கண்ணுக்குப் பச்சைதான் அதிக வெளிச்சமாகப் படுகிறது என்பதால், பலரும் கையாளும் ஒரு கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. இரண்டு பங்கும் அதற்குச் சேரும்போது மிக வெளிறிய சாம்பலாகிவிடுகிறது. வெறும் நீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். இதை நன்றாக நினைவில் வை, உன் தாவணிக்கு மறுபடியும் வரவேண்டியிருக்கிறது.

மாமா ஸ்டூடியோவில் நான் நான்கு வருடம் வண்ணம் தீட்டியது உனக்குத் தெரியும். மத்தியானத்தில் நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து வம்பளப்பாய், ஆனால் வேலையைக் கவனித்ததில்லை. முதலில் படத்தைப் பழுப்பாக்கவேண்டும். அந்த அழுகிய முட்டை நாற்றத்தை மறந்திருக்கமாட்டாய். பழுப்பின் மேல்தான் நம் தோலின் நிறம் பொருந்தி உட்காரும், சாம்பலின் மேல் போட்டால் முகம் பிணக்களை தட்டும். பிறகு சாயத்தாள் புத்தகத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, படத்தை லேசாக ஈரமாக்கி, வெளிறிய நிறத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். தாள் குடித்த சாயத்தை அப்புறம் எடுக்க முடியாது.

சாயத்தால் ஆகாத காரியம் ஒன்று உண்டு, பொட்டு. சாயம் கண்ணாடி போல, வெளிச்சமான இடத்தில்தான் அதன் நிறம் தெரியும். இருண்ட இடத்தில் போட்டால் விழுங்கிவிடும். நம் பெண்களின் நெற்றியில் குங்குமம் படத்தில் எப்படி விழும் என்கிறாய்? மிகப் பழைய காலத்தில் பிலிமுக்குப் பதிலாக இருந்த கண்ணாடித் தட்டுகளுக்குச் சிவப்பே தெரியாது, அதனால் குங்குமம் கரும்புள்ளியாக விழுந்தது. நம் காலத்துப் பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும், ஆனால் ஸ்டூடியோ விளக்கில் சிவப்பு ஒளி அதிகம், மாநிறத் தோலும் குங்குமமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும். பொட்டு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால் பொட்டுக்கு மட்டும் மாமா தனியாகக் கெட்டிச் சிவப்பு வண்ணம் வைத்திருந்தார். பல பேர் முழுப்படத்துக்கும் வண்ணம் போடக் காசு கொடுக்கமாட்டார்கள். “பொட்டு மட்டும் வச்சுக் குடுங்க” என்பார்கள். குச்சி நுனியில் பஞ்சு சுற்றி ஒரே ஒரு தொடுதல். விரலால் தடவினால் தட்டுப்படும்.

ஆக, கறுப்பு வெள்ளையில் ஒரு நிறம் என்பதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போல இந்தப் பையன்கள் பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானது 1839இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே சுவிட்சர்லாந்து ஓவியர் இசன்ரிங் வெள்ளித் தகட்டுப் படங்களின் மேல் வண்ணப்பொடி பூசத் தொடங்கிவிட்டார். பேரன் இன்னொன்று சொன்னான். 1925இல் சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ திரைப்படத்தில் கப்பலில் செங்கொடி ஏறும். அக்காலப் பிலிமில் சிவப்புத் துணி கறுப்பாகத்தான் விழும் என்பதால் வெள்ளைக் கொடியை ஏற்றிப் படமெடுத்து, பிறகு 108 பிரேம்களில் கொடிக்கு மட்டும் கையால் சிவப்புத் தீட்டினார்களாம். எனக்கு உடனே மாமாவின் பஞ்சுக்குச்சிதான் நினைவுக்கு வந்தது. அங்கே கொடி, இங்கே குங்குமம். பிலிம் விழுங்கியதை ஒரு கை திரும்ப வைத்தது.

இந்தக் காலத்தில் நடப்பது தலைகீழ். எல்லா நிறமும் படத்தில் இருக்கிறது. அவற்றையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் விடுகிறார்கள். நாங்கள் வைத்தோம், இவர்கள் எடுக்கிறார்கள். எடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுவைக்கிறோம் என்று எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கவேண்டாமா? கெர்பாவ் ரோட்டில் ‘தான் தெங் நியா’ என்ற சீனரின் பழைய வீடு இருக்கிறதே, 1900இல் கட்டியது, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வண்ணமாக இப்போது பூசி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று ஒருவர் அந்த வீட்டைக் கறுப்பு வெள்ளையாக்கி ஒரு ஜன்னலுக்கு மட்டும் பச்சை வைத்து மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தார். நிறத்துக்காகவே நிற்கிற வீட்டிலிருந்து நிறத்தைக் கழற்றுவானேன்! கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டு தேக்காவில் கறிவேப்பிலை வாங்கப் போய்விட்டேன்.

எனக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு. பேரன் தன் வகுப்புப் பாடத்துக்காகப் பழைய சம்சூயி பெண்கள் படம் ஒன்றை எடுத்துச் செய்திருந்தான். நாம் சிறுமிகளாக இருந்தபோது கட்டட வேலைத்தளங்களில் பார்த்திருக்கிறோமே, சீனாவின் சன்சூய் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கறுப்பு அல்லது கருநீலச் சட்டை, கருநீலக் காற்சட்டை, தலையில் மட்டும் மடித்து வைத்த சிவப்புத் துணி. படத்தில் அந்தத் துணியும் மற்றதோடு சேர்ந்து இருண்டுபோயிருந்தது. அதற்கு மட்டும் சிவப்பை வைத்தான். அவ்வளவுதான், அந்தப் பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அவர்கள் நேரிலேயே அப்படித்தான் இருந்தார்கள், உடம்பெல்லாம் இருள், தலையில் ஒரு நிறம். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றேன். ஆசிரியர் என்ன மதிப்பெண் கொடுத்தார் என்று சொல்ல மறுக்கிறான்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பாயி படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறேன். மாமா தீட்டிய பொட்டு உள்ளே இருக்கிறது, நான் வைப்பது மேலே கண்ணாடியில். இரண்டும் ஒருநாளும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததில்லை. புதுக் கண் வந்தபின் அந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரிகிறது.

சரி, உன் தாவணி. படத்தைத் தேடி எடுத்துப் பேரனிடம் கொடுத்தேன். மஞ்சளை வைத்துப் பார்த்தான். “பாட்டி, மஞ்சள் உட்காரமாட்டேன் என்கிறது” என்றான். உண்மைதான், சேற்றில் கடுகு அரைத்தது போல் ஒரு நிறம் வந்தது. வெளிச்சமான இடத்தில் வைக்கவேண்டிய நிறத்தை இருட்டில் வைத்தால் அப்படித்தான் வரும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கமலம், படத்தில் உன் தாவணி உன் முகத்தைவிட இருண்டிருக்கிறது, பின்னால் தொங்கும் திரையைவிடவும் இருண்டிருக்கிறது. அந்த விளக்கில், அந்தப் பிலிமில், மாம்பழ மஞ்சள் ஒருநாளும் அப்படி விழாது, என் ரவிக்கையைப் போல வெளிறித்தான் விழும். அது நீலமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் கரும்பச்சை. ஐம்பது வருடமாக நீ கட்டாத தாவணியைக் கட்டிக்கொண்டிருக்கிறாய்!

எனக்கும் அது மஞ்சளாகத்தான் நினைவிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. நீ சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே பதிந்துவிட்டதா, இல்லை அந்த மஞ்சள் வேறு ஏதாவது தீபாவளியா? உன் அக்காவுக்கு நினைவிருக்குமா, கேட்டுப் பார். பெட்டியில் பழைய துணி ஏதாவது கிடக்கிறதா என்றும் பார்.

கம்ப்யூட்டரில் செய்யப்போவதில்லை. மேட் தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையாலேயே தீட்டித் தருகிறேன். வண்ணமும் வாங்கிவிட்டேன், கை கொஞ்சம் நடுங்குகிறது, பரவாயில்லை. அந்த நாளில் ஸ்டூடியோவில் படம் எடுத்ததும் உறையின் மேல் மாமா எழுதி வைப்பாரே, ‘புடவை மயில்கழுத்து, கரை அரக்கு, ரவிக்கை ரோஸ்’ என்று. நம் படத்தின் உறையில் உன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை, வண்ணம் போடக் காசு கொடுக்கவில்லை அல்லவா? அந்த உறையையே இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். தாவணி, பாவாடை, ரிப்பன் மூன்றையும் எழுதித் திருப்பி அனுப்பு. பொட்டைப் பற்றி எழுதவேண்டாம், அது எனக்குத் தெரியும்.

உன்
ராஜம்