கதவைச் சாத்தினால் சாத்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சுவிசேஷம் சொல்லப் போகிற இடங்களில் எழும் ஆவிக்குரிய எதிர்ப்பைப் பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படி ஓர் எதிர்ப்பு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களிடம் வர நினைத்தும் சாத்தான் தடைபண்ணினான் என்று அப்போஸ்தலர் பவுலே சொல்கிறார். ஆனால் நம் பேச்சைக் கேட்காத ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு பிசாசு நிற்பதாகக் கட்டுரையாளர் எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதே பவுலை ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம் அது) வசனம் சொல்லவிடாமல் தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. பிலிப்பியில் குறிசொல்லும் பெண்ணைவிட்டு ஆவியைத் துரத்தியபின் பவுலுக்கு அடி விழுந்ததற்குக் காரணம், அவளுடைய எஜமான்களுக்கு வருமானம் போன கோபம். எபேசுவில் கலகத்தைக் கிளப்பிய தெமேத்திரியு, தியானாள் தேவியின் கோயிலைப் போல வெள்ளியில் சின்னச் சின்னக் கோயில்கள் செய்து விற்ற தட்டான். அவன் முதலில் பேசியது பிழைப்பைப் பற்றி. தேவியின் மகிமை அப்புறம்தான்.

எங்கள் ஜெலுத்தோங் பக்கத்து அடுக்குமாடியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். கைப்பிரதிகளோடு நாலு பேர் போனோம். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்ற அம்மா, “பிள்ளைக்கு இப்பத்தான் காய்ச்சல் விட்டுத் தூங்குது, இன்னொரு நாள் வாங்கக்கா” என்றார், மரியாதையாகத்தான். நாங்கள் படியிறங்கும்போதே, இந்த வீட்டிலிருக்கும் கெட்ட ஆவியைக் கட்டுகிறோம் என்று உடன் வந்த ஒருவர் உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை விழித்திருந்தாலும் விழித்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எங்களைப் போகச் சொன்னது எந்த ஆவி என்றுதான் கேட்கத் தோன்றியது.

நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்ற எபேசியர் 6:12 நம் ஜெபக் கூட்டங்களில் அடிக்கடி வருகிற வசனம். சரி, அப்படியானால் அந்த அம்மா எதிரி இல்லைதானே?

நம் மலேசிய நாட்டு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. முஸ்லிம்களிடையே பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்றும் சொல்கிறது. ஆகவே இங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சாட்சி சொல்லப் போவது பெரும்பாலும் இந்துக்களான அக்கம்பக்கத்தாரிடமும் சொந்தக்காரர்களிடமும்தான். நாளைக்கு ஒரு கல்யாணத்திலோ துக்க வீட்டிலோ அவர்கள் முகத்தில் விழித்தாக வேண்டும்.

எபேசுக் கலகத்தில் இன்னொன்றும் உண்டு. கூட்டத்தை அடக்கிய பட்டணத்துச் சம்பிரதி, அதாவது நகர நிர்வாக அதிகாரி, கிறிஸ்தவர் அல்ல. இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னவர் அவர்தான். பவுல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்த ஊர் அது. நம் ஊழியக் குழுக்களுக்கு இங்குள்ள ஒரு கோயில் தலைவர் அப்படிச் சாட்சி கொடுப்பாரா?

தைப்பூசத்துக்கு முன்னால் நடக்கும் உபவாச ஜெபங்களில், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையை நோக்கிக் கையை நீட்டிக் ‘கட்டுகிற’ ஜெபத்தைச் சில குழுக்கள் செய்கின்றன. இந்த ஆண்டு அதை விட்டுவிடுங்கள் என்று போதகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மலைக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். அவனுக்காக நான் பெயர் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
சபை விசுவாசி ஒருவர்,
ஜெலுத்தோங், பினாங்கு