விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் மகள்களுக்காக: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தகப்பன் காலமான பிறகு, அவர் சொத்தில் தங்களுக்குள்ள பாகத்தை அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுக்கப் பெண்கள் சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு அழைத்து வரப்படுவது தாங்கள் அறியாததல்ல. அந்தப் பத்திரங்களைப் பதிவு செய்யக் கூடாது என்று நான் கேட்கவில்லை. மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரிகளும் உண்டு. அது அவர்கள் விருப்பம். பதிவுக்கு முன், அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அந்தப் பெண்ணிடம் சார்பதிவாளர் தனியாக அழைத்து, வாயால் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வசிக்கும் அக்கா ஒருவர் துணைக்கு வரச் சொன்னதால் உடன் போனேன். வயது அறுபதைத் தாண்டியவர். நாற்று நட்டும் களை பறித்தும் பிள்ளைகளை ஆளாக்கியவர். கைரேகை எடுக்கும் கருவியில் அவருடைய கட்டைவிரல் பதியவே இல்லை. உழைத்துத் தேய்ந்த விரல். அலுவலர் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார், அழுத்தச் சொன்னார், அடுத்த விரலை வைக்கச் சொன்னார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ரேகை பதிந்தது, புகைப்படம் எடுத்தார்கள். "எழுதிக்கொடுப்பது நீங்கள்தானா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றார். வேலை முடிந்துவிட்டது. அந்த விரல் அவருடையதுதானா என்று பார்க்க அவ்வளவு பொறுமை காட்டிய அலுவலகம், கையெழுத்து எதற்கு என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணன் பெயருக்குப் பட்டா மாற்றத்தானே இந்தக் கையெழுத்து?"

பிறகுதான் நகலை வாங்கிப் படித்தேன். தகப்பனாரின் சுயசம்பாத்திய நிலத்தில் தமக்குள்ள மூன்றில் ஒரு பாகத்தைச் சகோதரர்களுக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டதாகவும், இனி அவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்றும் அதில் இருந்தது. அதற்காக ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் எழுதியிருந்தது. அவர் கையில் பணம் எதுவும் வரவில்லை. புடவை ஒன்று எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள்.

ஐயா, அந்த அக்காவின் பாகத்துக்கு என்ன மதிப்பு என்பது அன்றைக்கு அந்த அலுவலகத்துக்குத் தெரியும். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்து, விடுவிக்கும் பாகத்தின் மதிப்பைக் கணக்கிட்டுத்தான் முத்திரைத் தீர்வை வாங்குகிறீர்கள். பத்திரம் எழுதியவருக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், கணினித் திரைக்குத் தெரியும். பாகத்துக்கு உரியவர் ஒருவருக்குத்தான் தெரியாது. இதைச் சரியான நடைமுறை என்று எப்படி ஏற்பது?

அந்தச் சார்பதிவாளரை நான் குற்றம் சொல்ல முடியாது. எழுதிக்கொடுத்தவர் நேரில் வந்து ஒப்புக்கொண்டால் பதிவு செய்ய வேண்டும் என்பதே 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் ஏற்பாடு. புரிந்துதான் ஒப்புக்கொண்டாரா என்று பார்ப்பது தம் வேலை இல்லை என்று அவர் சொன்னால், சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்தப் பெண் பக்கம்தான் யாருமே இல்லை.

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்ட மண் இது. தகப்பனின் சொந்தச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளும் வாரிசு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. அதில் விடுபட்ட, முன்பே மணமாகிப்போன மகள்களையும் 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இவ்வளவும் வந்த பிறகும், "கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு உன் பங்கு தீர்ந்தது" என்ற வீட்டுச் சட்டமே ஊரில் செல்லுபடியாகிறது. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், தாய்மாமன் சீர் நின்றுவிடும் என்ற பயம் வேறு. பெண்கள் பெயரில் சொத்து வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையிலான பதிவுக்குக் கட்டணச் சலுகை கொடுக்கிறது அரசு. நல்ல காரியம். ஆனால் புதிதாக வாங்கப் பணமுள்ள பெண்ணுக்குச் சலுகை தரும் அதே அலுவலகத்தில், பிறப்பால் கிடைத்த பாகம் இன்னொரு பெண்ணின் கையைவிட்டுப் போகிறது. சட்டமன்றத்தில் கொடுத்ததைச் சார்பதிவாளர் மேசையில் பறிகொடுக்க வைப்பதற்கா இத்தனை சட்டம்?

பதிவாகிவிட்ட விடுதலைப் பத்திரத்தை எழுதிக்கொடுத்த பெண் தனியாக வந்து ரத்து செய்ய முடியாது என்பது தங்களுக்குத் தெரியும். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே ஏமாற்றத்தை அவரே நிரூபிக்க வேண்டும். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த உதவி மையம் எங்கே இருக்கிறது என்ற ஒரு வரி அறிவிப்பைக்கூட அந்த அலுவலகச் சுவரில் நான் பார்க்கவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். பணிவாகவே கேட்கிறேன். பெண் ஒருவர் தம் பாகத்தை விடுவிக்க வரும்போது, உறவினர்களை வெளியே நிறுத்திவிட்டு, சார்பதிவாளர் அவரிடம் பேசட்டும். சொத்து எது, அவர் பாகம் எவ்வளவு, வழிகாட்டி மதிப்பின்படி எத்தனை ரூபாய், பணம் கைக்கு வந்ததா, விருப்பமில்லை என்றால் கையெழுத்திடாமல் வீட்டுக்குப் போகலாம் என்பது வரை சொல்லட்டும். சொன்னதையும் அவர் சொன்ன பதிலையும் பதிவின்போது அலுவலகம் பத்திரத்தில் எழுதும் மேலெழுத்துக் குறிப்பில் பதியட்டும். பதிவுச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, அரசின் ஒப்புதலோடு விதிகள் வகுக்கும் அதிகாரம் தங்களிடமே இருக்கிறது. விதி வர நாளாகும் என்றால், சார்பதிவாளர்கள் தனியாக அழைத்துச் சொல்வதற்கு மட்டுமாவது உடனே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பத்திரத்தின் நகலைப் படித்துக்காட்ட நேர்ந்த ஒரு பெண்