மாசி ஞாயிறும் மாலைப் பேருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் நாகர்கோவிலில் விடுதியில் தங்கி வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். குமரி மாவட்டச் சுற்றுலா பற்றி உங்கள் இதழோடு வந்த இணைப்பை விடுதியில் கைமாற்றி எல்லோரும் படித்தோம். சூரிய உதயம் தெரியும் விடுதி அறைகள், வாடகைக் கார், ஒரே நாளில் ஏழு இடம் காட்டும் வேன் என்று எல்லாம் இருந்தது. வெளியூரிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவர்களுக்கு அது உதவும். இங்கேயே மூன்று நான்கு ஆண்டுகள் தங்கிப் படிக்கும் முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையையும், ஞாயிறு மாலைகளில் நாங்கள் திரும்பிவர ஒரு பேருந்து வேண்டும் என்பதையும்தான் எழுத வந்தேன்.

முதல் ஆண்டு முழுக்க நான் விடுதி, ஆய்வகம், மணிமேடைப் பக்கம் நகல் எடுக்கும் கடை தவிர வேறெங்கும் போகவில்லை. உதவித்தொகை ஏழு மாதம் வரவில்லை. வீட்டில் கேட்கவும் மனம் வரவில்லை. வெளியே போனால் காசு ஆகும் என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் படுத்தே கிடந்தேன். ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்த வாரம் ஒன்று உண்டு. அந்த வாரம் என் அறைத்தோழி விடியற்காலையில் எழுப்பி, "வா, சும்மா தேரூர் வரை போயிட்டு வரலாம்" என்று இழுத்துப் போனாள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அதைக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

தேரூர்க் குளம் சுசீந்திரம் போகும் வழியில் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று கண்ணில் பட்டது தாமரை இலைகளுக்கு நடுவே நடந்த நீலத்தாழைக்கோழியும், கூட்டமாக மிதந்த நாமக்கோழிகளும், கரையோரம் அசையாமல் நின்ற மஞ்சள் மூக்கு நாரைகளும்தான். பேர் எதுவும் தெரியாது எங்களுக்கு. வரப்பில் வந்த பெரியவர் ஒருவர்தான் ஒவ்வொன்றாகக் காட்டினார். "இதில பாதி வெளியூரு பறவை மக்ளே. பங்குனி களிஞ்சா போயிரும், இப்பளே பாத்துக்கிடுங்க" என்றார். கவிமணி பிறந்த ஊர் இதுதான் என்று சொல்லி, எங்களுக்கு எந்த ஊர், என்ன படிப்பு, படித்தால் எப்போது வேலை கிடைக்கும் என்று எல்லாம் விசாரித்தார். அன்றைய செலவு இரண்டு தேநீரும் ஆளுக்கு இரண்டு மட்டிப்பழமும். பெட்டியை மறுபடியும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அதன்பிறகு தைப் பொங்கல் முடிந்து பங்குனி வெயில் உறைக்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்காவது போவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நாலைந்து பேர், ஆளுக்கு நூறு ரூபாய்க்கு மேல் இல்லை என்பது பேச்சு. இளவேனில் சித்திரையில்தான் என்று இலக்கணம் சொல்கிறது. குமரி மாவட்டத்தில் மாசியிலேயே அது வந்துவிடுவதை நான் கண்ணால் பார்த்தேன். மார்த்தாண்டம் பக்கம் பேருந்தில் போனால் ரப்பர் தோட்டங்கள் இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். இரண்டு வாரம் கழித்து அதே வழியில் போனால் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும். அந்தத் தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்புநீரைத்தான் தேனீக்கள் எடுக்கின்றன. பூவிலிருந்து அல்ல. மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இந்த இலைத்தேன்தான் என்று தேன்பெட்டி வைத்திருக்கும் ஒருவர் சொன்னபோது, வேதியியல் படிக்கிற நாங்கள் அரை மணி நேரம் அவரை விடவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, விரலில் தொட்டு நக்கவும் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சிவராத்திரி அன்று பத்மநாபபுரத்தில் இருக்கும் கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில் போய் நின்றோம். முந்தின நாள் முன்சிறைத் திருமலையில் தொடங்கி, திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் அடியார்களுக்கு இது ஏழாவது கோயில். காவி வேட்டி, கையில் விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏன் கோவிந்தனைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால், "கோவிந்தா" என்று கூவி ஓடிய பீமனை விரட்டிய, பாதி மனிதனும் பாதி விலங்குமான சிவபக்தன் புருஷாமிருகத்தின் கதையை ஒவ்வொருவரும் ஒரு விதமாகச் சொல்கிறார்கள். வழியெல்லாம் சுக்குக் காப்பி, மோர், கஞ்சி. ஓடாத எங்களையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில்தான் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள் கட்டணம் உண்டு. அந்த ஒரு சீட்டுக்காக இரண்டு வாரம் டீ குடிக்காமல் இருந்தாலும் தகும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையில் என் முகம் தெரிந்தது.

கடற்கரைகள் பற்றிச் சொல்லவே வேண்டாம். சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் என்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் வெளியூர் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கரையில் உட்காருங்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். காற்றோ மழையோ இல்லாத நாளிலும் திடீரென்று ஏறிவரும் கடலை இங்குள்ளவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற எங்களை, மீன் விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். "இந்தத் தண்ணிய நம்பாத மக்ளே, கேட்டியா?" என்றார். அவருடைய பிடி என் மணிக்கட்டில் இன்னும் இருப்பதுபோல் இருக்கிறது.

இனி நான் எழுத வந்த முக்கியமான காரியம்.

எங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சிதறால் மலை. ஏற அரை மணி நேரம் ஆகாது. மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். சமணப் பள்ளியாக இருந்து பிறகு பகவதி கோயிலான இடம். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்தி என்ற பெண் துறவி பொன் நகைகள் வழங்கியதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே உண்டு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் இந்த மலையில் இருந்து கற்றிருக்கிறாள் என்று நினைத்தபோது, ஆய்வகத்தில் என் மேசை எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. மாலை நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையும் கீழே குழித்துறைத் தாமிரபரணியும் தெளிகிற நேரம்தான் அங்கே இருக்க வேண்டிய நேரம்.

ஆனால் அந்த நேரத்தில் அங்கே நிற்க எங்களால் முடிவதில்லை. திரும்பிவரப் பேருந்து கிடைக்குமா என்று ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் மற்றவர்களுக்கும் மனம் நிலைக்காது. ஒரு ஞாயிறு அப்படித்தான் தவறவிட்டோம். எதிர்பார்த்த பேருந்து வரவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. இருட்டு விழுந்த பிறகு நாலு பேர் கைபேசி வெளிச்சத்தில் பெரிய சாலை வரை நடந்தோம். ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னும் மூன்று ஞாயிறு போயிருக்கலாம். விடுதி வாசலில் கேட்ட பேச்சு தனி. அதன்பிறகு எங்களில் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது இலவசம், வரும்போது ஆட்டோ என்றால் அந்த இலவசம் எங்களுக்குப் பாதிதான். புதுப் பேருந்து எதுவும் கேட்கவில்லை. மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில், சிதறால் அடிவாரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கும், கடற்கரைகளிலிருந்து நாகர்கோவிலுக்கும் மாலை ஆறரை மணிக்கு நிச்சயமாக ஒரு நகரப் பேருந்து புறப்பட வேண்டும். அந்த நேரம் நிறுத்தத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும். மாணவர்களுக்கு மட்டுமில்லை, பூ விற்கிற, மீன் விற்கிற பெண்களுக்கும் அது வீடு திரும்பும் வண்டியாக இருக்கும். விடுதிகள் அந்த இரண்டு மாத ஞாயிறுகளில் மட்டும் வாசல் அடைக்கும் நேரத்தை எட்டு மணியாக்க வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா எந்தத் தேதி, எந்த ஊர்க் கோயிலில் இந்த வாரம் வில்லுப்பாட்டு, எங்கே நுழைவுக்கட்டணம் இல்லை, திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று வாரம் ஒரு கால் பக்கம் உங்கள் இதழில் போட முடியுமா? வில்லுப்பாட்டு கேட்கக் காசு வேண்டாம், தேதி தெரிந்தால் போதும். எங்கள் விடுதிப் பலகையில் அதை ஒட்டி வைக்கும் வேலையை நான் செய்கிறேன்.

பங்குனியில் அக்கானி, அதாவது பதநீர், இறக்கத் தொடங்கிவிடுவார்கள். கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழமும் வந்துவிடும். இந்த ஆண்டு எனக்கு இங்கே கடைசி ஆண்டு. வராமல் போன அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை சிதறால் ஏறி, சூரியன் சாய்கிற வரை உட்கார்ந்துவிட்டு வர ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
நாகர்கோவில்.