பேண்ட் அட்டவணை அச்சிடும் அமெச்சூர் வானொலிக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கழகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

புதிதாக உரிமம் பெறுவோர் கையில் நீங்கள் கொடுக்கும் வண்ணப் பேண்ட் (நமக்கு ஒதுக்கிய அதிர்வெண் பகுதி) அட்டவணையில் ‘20 மீட்டர்: 14.000 – 14.350 மெகாஹெர்ட்ஸ்’ என்றிருக்கிறது. எண் சரிதான். அதை நம்பி ஒருவர் டயலை 14.349-இல் நிறுத்தி யு.எஸ்.பி.யில் (கேரியருக்கு மேற்பக்கம் மட்டும் குரலை அனுப்பும் முறை) பேசினால்? டயல் காட்டுவது அடக்கப்பட்ட கேரியரின் (குரலைச் சுமக்கும் அடிப்படை அலையின்) இடத்தை மட்டுமே. குரல் அதற்கு மேலே சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் விரிகிறது. பேச்சில் பெரும்பகுதி எல்லை தாண்டி, வேறு சேவைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் விழும். யு.எஸ்.பி.க்கு டயல் எல்லை 14.347 என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

எங்களுக்குப் பெரிய கவலை, பேண்டுகளுக்கு நடுவே நீங்கள் விடும் வெள்ளை இடம். பார்ப்பவருக்கு அது காலியிடமாகத் தெரிகிறது. ஆனால் 8291 கிலோஹெர்ட்ஸில் கப்பல்கள் ஆபத்துக் குரல் கொடுக்கின்றன. 10.000 மெகாஹெர்ட்ஸ் நேரக்குறிப்பு நிலையங்களுக்கு உரியது. 10.005 முதல் 10.100 வரை விமானங்கள் பேசுகின்றன. அதை ஒட்டியே 10.100-இல் நம் 30 மீட்டர் பேண்ட் தொடங்குகிறது, அதுவும் இரண்டாம்நிலை உரிமையோடு. முதன்மைச் சேவைக்கு நாம் இடைஞ்சல் தரக்கூடாது. அது நமக்கு இடைஞ்சல் தந்தால் முறையிடவும் முடியாது. இந்தப் பேண்டையும் மற்றவற்றையும் ஒரே நிறத்தில் காட்டாதீர்கள்.

60 மீட்டரும் இரண்டாம்நிலைதான். 2015 உலக வானொலி மாநாடு தந்தது 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரை, வெறும் 15 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான நாடுகளுக்கு வரம்பு 15 வாட். அது ஆன்டெனாவின் ஆதாயத்தையும் (ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் அளவையும்) சேர்த்த கணக்கு. டைபோலுக்கு (நடுவில் ஊட்டும் இரு கம்பி ஆன்டெனாவுக்கு) சுமார் 9 வாட் ஊட்டினாலே அந்த வரம்பு வந்துவிடும்.

40 மீட்டரில் மண்டலத்தை (வானொலி விதிகள் உலகைப் பிரிக்கும் மூன்று பகுதிகளில் எது என்பதை) குறிப்பிட்டே ஆகவேண்டும். அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் மண்டலத்தில் 7.300 வரை நமக்கு. மற்ற இரண்டு மண்டலங்களில் 7.200-உடன் முடிகிறது, அதற்கு மேல் 7.450 வரை ஒலிபரப்பு. இரண்டாம் மண்டலத்திலிருந்து 7.250-இல் ஒருவர் அழைப்பது நன்றாகவே கேட்கலாம். ஆனால் மற்ற மண்டலத்தார் அதே இடத்தில் பதில் சொல்ல முடியாது.

இதே பேண்டில், வீட்டில் கட்டிய சிறிய டிரான்ஸ்மிட்டர்களால் இன்னொரு தொல்லையும் வருகிறது. 7.160-இல் சிக்னல் விட்டால் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் எழும் வேண்டாத சிக்னல்) 21.480, அது 13 மீட்டர் ஒலிபரப்புப் பேண்டுக்குள் இருக்கிறது. 40 மீட்டர் டைபோல் 21 மெகாஹெர்ட்ஸிலும் ஒத்ததிர்வதால் அந்தக் குப்பையை அப்படியே வெளியே அனுப்பும். லோ-பாஸ் ஃபில்டரை (உயர் அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டியை) டம்மி லோடுக்கு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வெப்பமாக்கும் மின்தடைக்கு) முன்னால் இணைத்து, 21.480-இல் வேறொரு ரிசீவரைத் திருப்பி, கீயை அழுத்தி, ஃபில்டர் உள்ளபோதும் இல்லாதபோதும் ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ரிசீவரைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். பக்கத்தில் இருந்தால் 7.160-இன் பலமான சிக்னலே அதைத் திணறடித்து, இல்லாத ஹார்மோனிக்கை இருப்பதுபோல் காட்டும். இந்தச் சோதனைமுறைக்கு அட்டவணையின் பின்பக்கத்தில் நான்கு வரி ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
சிற்றலையில் இயங்கும் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) சிலர்