மெதுவான பகுதியில் கை வைக்காதீர்கள்

அயல்நாட்டு நாட்டுப்புறக் கலைக்குழுக்களை அழைத்து விழா எடுக்கும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வடக்கு மக்கெடோனியாவின் 'தானெட்ஸ்' குழுவோ, அந்த வழியில் ஆடும் சிறிய குழுக்களோ உங்கள் மேடைக்கு வந்தால், தயவுசெய்து பத்தே நிமிடத்தில் அனுப்பிவிடாதீர்கள்.

பத்து நிமிடம்தான் என்று சொல்லிவிட்டால் எந்தக் குழுவும் வேகமான ஆட்டமாகப் பார்த்துத்தான் எடுக்கும். பூவேலை உடுப்பு, சுழற்சி, கைதட்டல், அடுத்த குழு. போட்டோ அழகாக வரும், மறுக்கவில்லை. ஆனால் 1949-இல் அரசு ஸ்கோப்யேவில் தானெட்ஸைத் தொடங்கியது, ஊர் ஊராகக் கிடந்த ஆட்டத்தையும் பாட்டையும் இசையையும் திரட்டிக் காப்பதற்கு. 1956-இலேயே அமெரிக்கா போய் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஆடிய குழு. அவர்களிடம் இருக்கும் சரக்கில் ஆகச் சிறந்தது உங்கள் பத்து நிமிடத்துக்குள் அடங்காது.

நான் சொல்வது 'தெஷ்கோத்தோ'வை. மேற்கு மலைப்பகுதி ஆண்களின் ஆட்டம். தொடக்கத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தோள்மேல் கைபோட்டு வரிசையாக நிற்பார்கள். ஸூர்லா என்ற ஊதுகருவி இரண்டு, ஒன்று ராகத்தை இழுக்க, மற்றது ஒத்து ஊதும். தாளம் பிடிபடவே படாது. முன்னால் நிற்கும் தலைவர் ஒரு காலைத் தூக்கி, கீழே வைக்காமல் அப்படியே நிறுத்துவார். தாப்பான் என்ற பெரிய மேளத்தை அடிப்பவரின் கண் அந்தக் காலிலேயே இருக்கும். பிறகு மெல்ல மெல்லச் சூடு ஏறும். ஒரு கட்டத்தில் தலைவர் அந்தத் தாப்பான் மேலேயே ஏறிக் குந்துவார். அதன்பின் வரும் வேகம் இருக்கிறதே, முன்பு காத்திருந்தவனுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

அந்த மெதுவுக்குக் காரணமும் உண்டு. காலிச்னிக் போன்ற மலையூர்களில் ஆண்கள் பிழைப்புத் தேடி வெளிதேசம் போய் வருடக்கணக்கில் இருந்தார்கள். கோடையில் ஊர் திரும்பும்போதுதான் கல்யாணம். ஜூலை 12, புனித பேதுரு திருநாளை ஒட்டி ஊரின் திருமணங்கள் எல்லாம் சேர்ந்து நடக்கும்; முடிந்ததும் மறுபடி பயணம். அந்தப் பிரிவின் கனம்தான் இந்த ஆட்டத்தில் இருப்பதாக அவர்கள் சொல்வார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று காலிச்னிக் பனிக்காலத்தில் கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கிறது. திருமணம் மட்டும் ஆண்டுதோறும் விழாவாக நடக்கிறது, தெஷ்கோத்தோவும் ஆடப்படுகிறது.

அடுத்தது, ஒலிப்பதிவைப் போட்டு ஆடச் சொல்லாதீர்கள். செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் ஒலிப்பதிவால் தலைவரின் காலைப் பார்க்க முடியாதே! தாப்பானின் ஒரு பக்கத்தைத் தடித்த கோலாலும் மறுபக்கத்தை மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். ஸூர்லா, நாகஸ்வரம் போலச் சீவாளி வைத்து ஊதும் கருவி. கன்னத்தில் காற்றைத் தேக்கி மூச்சு அறாமல் ஊதுவார்கள். தலைமுறை தலைமுறையாக இதில் பெரும்பாலும் ரோமா இனத்துக் கலைஞர்களே. நிகழ்ச்சி நிரலில் நடன இயக்குநரின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள்.

வேகமும் வேண்டும்தான். 'கொப்பாச்கா' ஆடச் சொல்லிக் கேளுங்கள். திராம்ச்சே கிராமத்து ஆண்கள் ஒருவர் இடுப்புவாரை ஒருவர் பிடித்துக்கொண்டு, மண்ணைக் கொத்துவதுபோல் காலால் அடித்து ஆடுவது. 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 'லெஸ்னோத்தோ' என்ற ஆட்டத்தையும் கேளுங்கள். மூன்று-இரண்டு-இரண்டு என ஏழு எண்ணிக்கை. நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய காது முதல் சுற்றிலேயே தலையாட்டும்.

எனவே நேரம் போதவில்லை என்றால் குழுக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், தெஷ்கோத்தோவின் முன்பாதியில் கை வைக்காதீர்கள். முடிந்தால் திறந்தவெளியில் நடத்துங்கள். ஸூர்லாவுக்கு முன்னால் மைக் வேண்டாம், அது மலையூர் முழுக்கக் கேட்பதற்கென்றே செய்த கருவி.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்புற இசை ரசிகர்