ஹால்ல ஒரு முசல்லா விரிக்க இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, ஸலாம், வணக்கம்.

ஃப்ளாட்ல பூஜை ரூம் எப்படி அமைக்கிறதுன்னு போன வாரம் ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. எதிர் ஃப்ளாட் அக்கா அத வெட்டியே வச்சிட்டாங்க, பாவம் அவங்க சாமி படம்லாம் கிச்சன்ல மிக்ஸிக்கு மேல ஷெல்ஃப்ல இருக்கு, கடுகு தாளிச்சா பிள்ளையார் மேல தெறிக்குதுன்னு தினமும் பொலம்பல். எங்க கதை வேற, எங்களுக்கு ரூமும் வேணாம் ஷெல்ஃபும் வேணாம், முசல்லா, அதான் தொழுகைப் பாய், விரிக்க 2 அடிக்கு 4 அடி தரை போதும். அதுதான் கெடைக்க மாட்டேங்குது.

எனக்கு சொந்த ஊர் காயல்பட்டினம். அங்க பொம்பளைங்க தொழறதுக்குன்னே தைக்கா இருக்கு, துப்பட்டியப் போட்டுக்கிட்டு முடுக்கு வழியா போயிட்டு வந்துடலாம். சென்னையில எங்க ஏரியா பள்ளிவாசல்ல பொம்பளைங்களுக்கு இடம் இல்ல, அதனால எனக்கு வீடுதான் பள்ளி. 5 வேளைத் தொழுகையும் அந்த 2 பெட்ரூம் வாடகை வீட்டுக்குள்ளதான். பெட்ரூம்ல கட்டிலும் பீரோவும் போக நடக்கவே இடமில்ல. ஹால்தான் கதி. சென்னையிலருந்து கிப்லா, அதான் தொழும்போது நோக்குற மக்கா திசை, மேற்கே கொஞ்சம் வடக்கு சாஞ்சாப்ல வரும், எங்க பில்டிங் அதுக்கு ஒத்துவராம ஒரு கோணத்துல நிக்குது, ஸோ முசல்லாவ சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவுல குறுக்கால விரிச்சாகணும். தொழறவங்களுக்கு முன்னால யாரும் கடக்கக் கூடாதுல்ல, அதுக்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல எதிர்ல போட்டுக்குவேன். நான் நெத்திய தரையில வச்சு ஸஜ்தாவுல இருக்கும்போது சின்னவன் ஸ்டூல இழுத்துட்டுப் போவான், எங்க வீட்டுக்காரர் கிரிக்கெட் சவுண்ட மட்டும் கொறச்சுட்டு பாத்துக்கிட்டே இருப்பார். அது பெரிய உபகாரம்னு அவருக்கு நெனப்பு.

இப்ப விஷயத்துக்கு வரேன். 2020 மார்ச்ல லாக்டவுன்னு பள்ளிவாசல்லாம் மூடினாங்களே, ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 25 நோன்பு ஆரம்பிச்சுது, நோன்பு ராத்திரியில தொழற தராவீஹ் கூட வீட்டுலதான்னு ஆயிடுச்சு. ஊருக்குப் போக முடியாம மாட்டிக்கிட்ட மாமா, எங்க வீட்டுக்காரர், பெரியவன், மூணு பேரும் ஜமாஅத்தா, சேந்து வரிசையா நிக்கணும். அல்லாஹ்வே, நான் 6 வருஷமா கேட்டு நகராத அந்த 3 சீட் சோஃபா ஒரே சாயங்காலத்துல பால்கனிக்குப் போச்சு! டிவி ஸ்டாண்ட் மூலைக்குப் போச்சு, சுவத்துல இருந்த கல்யாண ஃபோட்டோவ மாமாவே கழட்டி வச்சார். ஜன்னலோரம் ஒரு சின்ன ஸ்டூல்ல குர்ஆன், பக்கத்துல தஸ்பீஹ் மணி, பாயி. மே 25 பெருநாள் தொழுகையும் அங்கதான். பின்னால எனக்கும் மாமிக்கும் ஒரு வரிசை. கல்யாணமாகி வந்ததுலருந்து நான் நிம்மதியா தொழுத நாள்னா அந்த சில மாசம்தான், ஊரே பயந்து கெடந்தப்போ இப்படி சொல்றது தப்பா கூட இருக்கலாம்.

செப்டம்பர் 1 பள்ளிய தெறந்தாங்க. ரெண்டே நாள்ல சோஃபா உள்ள வந்துடுச்சு.

ஆம்பளைங்களே, உங்களுக்கு வீட்டுல இடம் வேணும்னா கெடைக்குது, எங்களுக்குன்னா பில்டர் மேல பழியப் போடறீங்க. பில்டர் என்ன பண்ணுவான், அவன் கட்டின ஹால் அதே ஹால்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான்ல, அதான் பள்ளிவாசல் பேச்சுல, கேட்டதாத்தான் நம்ம ஆம்பளைங்களே சொல்வாங்க, வீடுகள கப்ரா, கல்லறையா ஆக்கிடாதீங்க, கொஞ்சம் தொழுகைய வீட்டுலயும் தொழுங்கன்னு நபி ஸல் அவங்க சொல்லியிருக்காங்கன்னு. ஃபர்லு, அதான் கட்டாயத் தொழுகை, தவிர மத்த தொழுகைக்கு ஆம்பளைக்கும் வீடுதான் சிறப்புன்னும் ஹதீஸ் இருக்கு. கேட்டுட்டு வந்து சோஃபாவுல சாஞ்சுக்கிட்டா எப்படி?

அடுத்த தடவ இந்த மாதிரி கட்டுரை போடும்போது முசல்லா விரிக்கிறவங்க வீட்டையும், குடும்ப ஜெபம் பண்றவங்க வீட்டையும் ஒரு எட்டு பாத்து எழுதுங்க, சார். கொலு வைக்கிறப்ப எதிர் வீட்டு அக்காவுக்கும் இதே சோஃபா சண்டைதானாம்.

இந்த லெட்டர எங்க வீட்டுக்காரர் படிப்பார், காலையில டீயோட உங்க பேப்பர்தான் அவருக்கு. போட்டீங்கன்னா நோன்புக்கு முன்னாடி போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை